உப்பில் ஊறிய பாவாடையும் பன்னிரண்டு நிமிடமும்

திறமைச் சுற்றுக்கு ஆள் தயார் செய்கிற வேலைக்கு நீங்கள் நாலைந்து பேர் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். இந்த வேலைக்கென்று ஆள் தேடி வரும் நாள் வருமென்று நான் நினைத்ததே இல்லை. நான் ஆரம்பித்த காலத்தில் இதற்குப் பெயரே கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டால், "டான்ஸ் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தின் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது. வானூரில் வீட்டோடு கிடக்கிறேன். அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறீர்கள். பாட்டை எப்படி வெட்டி ஒட்டுவது, விக்கை எப்படி நிற்க வைப்பது, இடுப்புக்கு எவ்வளவு பஞ்சு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனைத் தட்டினால் வந்து கொட்டுகிறது. போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். என் தலைக்கனத்தால் ஒரு நல்ல ஆளைக் கவிழ்க்கப் பார்த்த கதை அது.

உங்கள் வீட்டில் யாராவது இது என்ன போட்டி என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆண்கள் பெண் வேடமிட்டு மேடையேறும் அழகிப் போட்டி. டிராக் என்கிறார்கள். திருநங்கைகளின் போட்டி வேறு. அவர்களுக்கு அது வேடமல்ல, அவர்களே அதுதான். நம் ஆட்கள் மேடையிலிருந்து இறங்கி, மையைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். இந்தக் கதையில் அந்த மறுநாள் காலைதான் முக்கியம்.

ஆறேழு வருஷம் இருக்கும். மாசி மாதம் ஒரு மத்தியானம் ஏழுமலை என்கிற ஆள் என் மாடிக்கு வந்தான். வயது நாற்பத்தொன்று. அனுமந்தைப் பக்கம் வீடு, மரக்காணம் உப்பளத்தில் வேலை. பாத்தியில் விளைந்த உப்பை நீளக் கழி மாட்டிய பலகையால் வாரி ஓரத்தில் குவிப்பான். ஒல்லியான, நல்ல கறுத்த உடம்பு. பாதம் மட்டும் அகலமாக, வெடிப்பு விட்டு, வேறொரு பெரிய ஆளுடையதைப் போல இருந்தது.

"மாஸ்டர், சித்திர மாசம் பாண்டியில போட்டி இருக்குதாமே. நான் கலந்துக்கணும்."

"இதுக்கு முன்னாடி வேஷம் கட்டியிருக்கியா?"

"ஊர்த் திருவிழாவுல பொம்பள வேஷம் கட்டுவேன். எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிப்பாங்க."

"இப்பவும் சிரிக்கணுமா?"

அவன் யோசிக்கவே இல்லை. "வேணாம் மாஸ்டர். இந்த வாட்டி யாரும் சிரிக்கக் கூடாது."

மேடைப் பெயர் என்ன என்று கேட்டேன். சரோஜா என்றான். "ரேஷன் கடைக்குப் போனா வரிசையில நாலு சரோஜா நிப்பாங்கடா. கொஞ்சம் பளபளன்னு ஒரு பேரு வைக்கக் கூடாதா?" என்றேன். "வரிசையில நிக்கிற சரோஜாவாத்தான் மாஸ்டர் நான் ஆவணும்" என்றான். அந்தப் பதிலிலேயே எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், என்னிடம் வந்த எல்லாருக்கும் செய்ததையே அவனுக்கும் செய்தேன். அஞ்சு அங்குல ஹீல்ஸ். நாலு சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டிய நாலு நிமிடம். இடுப்பை இங்கே ஒடி, கண்ணை இங்கே அடி. நான் இளவயதில் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் பெண் வேடத்தில் ஆடி விசில் வாங்கியவன். அந்த விசில் என் காதைவிட்டுப் போகவே இல்லை. அவன் உடம்பில் என்னையே ஏற்றி ஆடவிடப் பார்த்தேன். அகலப் பாதம் ஹீல்ஸுக்குள் நுழையாமல் அவன் நாலு தடவை விழுந்தான். நாலு தடவையும் நான் கத்தினேன். பங்குனி பிறந்ததும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

கோபம் வந்தால் எனக்குக் கால் நிற்காது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவனைத் திட்டுவதற்கென்றே மரக்காணத்துக்குப் போனேன். காலை எட்டு மணிக்கே பாத்திகளில் வெயில் பட்டுக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு பக்கம் தாமதமாகச் சீர் செய்யும் பாத்தியில் எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நின்று தரையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். களிமண் இறுகினால்தான் உப்பு அழுக்கில்லாமல் விளையும். ஒரே தாளத்தில் கால்கள் இறங்கி ஏறின. இன்னொரு பக்கம் பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு ஒற்றையடி வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, மேலே ஆண்களின் பழைய சட்டை, தலையில் துண்டைச் சுருட்டிய சும்மாடு. வரப்பு ஈரம். வழுக்கினால் கூடையோடு பாத்தியில்தான். ஆனாலும் ஒருத்தியும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை.

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. அவன் வாரிய குவியலருகே ஒரு காலிக் கூடை கிடந்தது. அதை மறுகரையில் நின்ற பெண்ணிடம் கொடுக்க வேண்டும். எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் நடந்தான். கழுத்து அசையவில்லை. கட்டைவிரல் மண்ணைப் பற்றி விட்டது. வளைவு வந்ததும் உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு இடுப்புக்கு மாற்றி, ஒடித்துத் திரும்பினான். அவன் ஆணாகவே தெரியவில்லை. இருபது வருஷம் அந்தப் பெண்களின் பின்னாலேயே நடந்தவன், தனக்கே தெரியாமல் அவர்கள் நடையைக் கற்று வைத்திருந்தான். ஒரு மாதமாக நான் ஹீல்ஸை வைத்துக்கொண்டு அதைத்தான் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அவனிடம் போவதற்குள் ஒரு அம்மாள் கூடையை இறக்கிவிட்டு என் வழியில் வந்து நின்றார். கன்னியம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். உப்பு தூக்கும் பெண்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம்.

"நீங்கதான் இவனுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்குறவருங்களா?"

"ஆமாம்மா."

"போட்டி போஸ்டரு போன்ல வந்துச்சு. பாத்தோம். ஆடட்டும், வேணான்னு சொல்லல. ஆனா திருவிழாவுல ஆம்பளைங்க பொடவய சுத்திக்கினு, மார தூக்கிக் காட்டி, எல்லாத்தையும் சிரிக்க வெக்கிறானுங்க பாருங்க, அந்த மாதிரி எங்கள வெச்சு கோமாளி ஆட்டம் ஆடுனான்னா, இவன் வாருன உப்ப நாங்க தொட மாட்டோம். நாங்களே நேர்ல வந்து பாக்கப் போறோம். சொல்லிட்டேன்."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாருகிறவனுக்குத் தூக்குகிறவர்கள் இல்லையென்றால் உப்பளத்தில் வேலை இல்லை. ஏழுமலையைத் தனியே கூப்பிட்டு, "இதுக்குப் பயந்துதான் வரலியா?" என்று கேட்டேன்.

"வேல போனா வேற அளத்துக்குப் போயிடலாம் மாஸ்டர். அது ஒண்ணும் இல்ல" என்றான். "இருவது வருஷமா அவங்க கட்டிக்கினு வந்த சோத்துல பங்கு வாங்கித் தின்னவன் நான். எங்கூட்டு நல்லது கெட்டது எல்லாம் அந்த வரப்புல உக்காந்துதான் பேசியிருக்கேன். அவங்க மூஞ்சியத் திருப்பிக்கினா நான் யாரோட பேசுவேன்? நீங்க சொல்லிக் குடுக்குற ஆட்டத்த அவங்க முன்னாடி என்னால ஆட முடியாது."

அன்றே ஹீல்ஸைத் தூக்கிப் பரணில் போட்டேன். நாலு சினிமாப் பாட்டையும் அழித்தேன். ஒரு பம்பை அடி மட்டும் பதிவு செய்து வாங்கினேன். உப்பளத்துப் பெண் ஒருத்தியின் ஒரு நாள், வெறுங்காலில், நாலு நிமிடம். மிதிப்பது, கூடை ஏற்றுவது, வரப்பில் நடப்பது, கொட்டிவிட்டு நிமிர்வது. இதற்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டு வையுங்கள். உங்களிடம் வருகிற ஆளுக்கு என்ன வரும் என்று அவன் வேலை செய்யும் இடத்துக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் இருபத்தைந்து வருஷத்தில் அதை ஒரே ஒரு தடவைதான் செய்தேன், அதுவும் திட்டுவதற்காகப் போனபோது.

இத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பளபளப்பும் இல்லாமல் ஆளை மேடையேற்ற எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் எல்லாரும் ஜிகினாவும் கல்லுமாக நிற்கும்போது, நம் ஆள் அழுக்குச் சட்டையோடு நிற்பதா? உப்பளத்தில் ஒரு பழைய கயிறு பாத்தித் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்திருந்தேன். நூலுக்கு நூல் உப்பு பூத்து, வெயிலில் அப்படி மின்னியது. உடனே ஒரு யோசனை. வலைத்துணியில் ஒரு பாவாடையும் மேல்சட்டையும் தைத்து, முற்றிய உப்புத் தண்ணீரில் நாலு நாள் ஊறப்போட்டுக் காயவைத்தால்?

போட்டோம். எடுத்துக் காயவைத்தபோது உப்பளத்தில் வேலை செய்பவர்களே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தக் கடையிலும் அப்படியொரு உடை கிடைக்காது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஏழுமலை மட்டும் தலையைச் சொறிந்தான். "மாஸ்டர், இது அளத்து உப்பு. சாயந்திரம் கடல் காத்து அடிச்சா கசியும்."

"மண்டபத்துல ஏசிடா."

"ஏசின்னாலும்…"

"உப்பு உனக்குத் தெரியும், மேடை எனக்குத் தெரியும். பேசாம இரு."

அவன் பேசாமல் இருந்துவிட்டான். உப்பில் இருபது வருஷம் நின்றவன் உப்பைப் பற்றிச் சொன்னான், நான் வாயை அடைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். பதினோரு பேர் போட்டியிட்டார்கள். முதல் சுற்று நடை. அதை ஏழுமலை ஒரு சாதாரணப் பட்டுப்புடவையில் சுமாராக முடித்துவிட்டு வந்தான். அடுத்தது திறமைச் சுற்று. அவனுக்கு எட்டாவது இடம். கன்னியம்மாவும் இன்னும் ஆறேழு பெண்களும் குட்டியானை லோடு வண்டி பிடித்து வந்து, தலை நிறைய மல்லிகையோடு நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உப்பு உடையை மாட்டிவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் அவன் மின்னியதைப் பார்த்து மற்ற போட்டியாளர்களே கைதட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மண்டபத்தில் ஏசி இருந்தது உண்மைதான். ஆனால் கூட்டம் நிரம்பி வழிந்ததும் கடல் பக்கக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டார்கள்.

ஐந்தாவது ஆள் ஆடிக்கொண்டிருக்கும்போது பாவாடையின் மினுக்கு மங்கியது. தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுத்தது. ஏழாவது ஆள் ஆடி முடிப்பதற்குள் ஓரத்திலிருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் கட்டி மை கலங்கிக்கொண்டிருந்தது.

"என்னடா?"

"லேசா எரியுது மாஸ்டர்."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அம்மாள் ஒரு விதி சொல்லியிருந்தார். கையையும் காலையும் மேடையேறும் நாள் காலையில்தான் மழிக்க வேண்டும், முந்தின நாள் மழித்தால் சாயங்காலம் முள் முளைத்துவிடும் என்று. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. அன்று காலையும் அவனை உட்கார வைத்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை பிளேடு போட்டு மழிக்க வைத்திருந்தேன். அந்தத் தோலின் மேல்தான் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விதியைச் சொன்ன புண்ணியவதி உப்புப் பாவாடையை நினைத்தா சொல்லியிருப்பார்? வெடித்த பாதத்தோடு இருபது வருஷம் உப்பில் நின்றவன் லேசாக எரிகிறது என்றால், நீங்களும் நானும் மண்டபம் அதிர அலறியிருப்போம்.

மேடை நிர்வாகம் செய்த பெண் ஓடிவந்து தரையைப் பார்த்தாள். "மாஸ்டர், சாரி. இப்படி சொட்டச் சொட்ட ஏத்த முடியாது. பின்னாடி ஆடறவங்க வழுக்கி வுழுந்துடுவாங்க. உங்கள கடைசிக்குத் தள்ளிடறேன். நடுவுல மூணு பேரு இருக்காங்க. பன்னெண்டு நிமிஷம். அதுக்குள்ள வேற எதுனா பாருங்க. இல்லன்னா விட்டுடுங்க."

பன்னிரண்டு நிமிடம். இந்த மாதிரி நேரத்தில் மனம் முதலில் பளபளப்பான பக்கம்தான் ஓடும். பக்கத்திலிருந்த ஒரு போட்டியாளர், தங்கமான பிள்ளை, தன்னிடம் இன்னொரு ஜிகினா கவுன் இருப்பதாகச் சொல்லி நீட்டினான். "போட்டுக்கோ. என் போன்ல பழைய பாட்டு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஆடிடு" என்றேன்.

ஏழுமலை கவுனைக் கையால்கூடத் தொடவில்லை. "இத மாட்டிக்கினு ஆடுனா அக்கா சொன்ன கோமாளி நான்தான் மாஸ்டர். அதுக்கு ஆடாமயே போயிடறேன்."

அதே பிள்ளையின் பையில் ஒத்திகைக்குக் கட்டுகிற ஒரு பருத்திப் புடவை இருந்தது. அதைக் கட்டி, மேலே ஒரு சட்டை போட்டால் உப்பளத்துப் பெண்ணாகிவிடலாம். ஆனால் அதில் பெரிய சிக்கல். உப்பு உடையில் அவன் ஏதோ கற்பனைப் பெண். பழைய சட்டையும் தூக்கிச் செருகிய புடவையுமாகப் போய் நின்றால், நடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை அப்படியே பிரதி எடுத்தது போலாகும். அதைக் கேலி என்று அவர்கள் எடுத்துக்கொண்டால், மறுநாள் காலை அவனுக்குப் பேச ஆள் இருக்காது.

கேட்கப் போனால் கன்னியம்மா கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கேட்காமல் ஏற்றிவிடலாமா என்றும் தோன்றியது. பாவாடை விஷயத்தில் ஒருத்தன் பேச்சைக் கேட்காமல் போனதுதான் இந்தக் கதிக்குக் காரணம் என்ற புத்தி அப்போதாவது வந்ததே, அது என் அதிர்ஷ்டம். பின் வாசல் வழியாகப் பார்வையாளர் பக்கம் ஓடினேன். கன்னியம்மாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்பதையும் சொன்னேன்.

"உங்கள மாதிரியே உடுத்தி ஏத்தப் போறேன்மா. நீங்க சரின்னு சொன்னாத்தான். வேணாம்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க அவன்? நான் பாக்கணும்" என்று எழுந்தார்.

உள்ளே வந்ததும் ஏழுமலையைப் பார்த்தார். மை வழிந்த முகம், விக், சொட்டுகிற பாவாடை, சிவந்து தடித்த கால். சிரிப்பார் என்று நினைத்தேன். "அட பாவி, செரச்ச ஒடம்புல உப்ப பூசிக்கினா நிக்கிற? ஏம்பா, உனுக்குமா புத்தி கெட்டுப் போச்சு?" என்று கத்திவிட்டு, "அத்த கழட்டு மொதல்ல" என்றார். குளியலறையில் அவரே வாளி வாளியாக நல்ல தண்ணீர் மொண்டு ஊற்றினார். மேக்கப் பெட்டியில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தடவச் சொன்னார். ஏழெட்டு நிமிடம்தான் மிச்சம்.

"எங்க, நடந்து காட்டு."

ஏழுமலை இடுப்பில் துண்டோடு, கூடையைத் தலையில் வைத்து அந்தக் குறுகிய நடைபாதையில் பத்து அடி நடந்தான். என் வாழ்க்கையில் எத்தனையோ நடுவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு பார்வையை எவரிடமும் பார்த்ததில்லை.

"கை தப்பு" என்றார் கன்னியம்மா. "புதுசா வர்றவதான் ரெண்டு கையாலயும் புடிப்பா. ஒரு கை கூடையில, ஒரு கை வீசி வரணும். அப்புறம், காலிக் கூடைய தூக்குறவ கழுத்து அப்படியா நிக்கும்? பாரம் வேணும். உள்ள என்னா வெச்சிருக்கீங்க?"

நான் உப்பு போலத் தெரிய தெர்மாகோல் உருண்டைகளை நிரப்பியிருந்தேன். அதை அவர் கீழே கொட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊறிக் கனத்துக் கிடந்த என் அருமைப் பாவாடையை எடுத்துச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக் கட்டி, கூடைக்குள் வைத்தார். தூக்கிப் பார்த்து, "இப்ப செரி" என்றார்.

பருத்திப் புடவையை அவர்தான் கட்டிவிட்டார். முழங்கால்வரை தூக்கிச் செருகி, பின்னால் இழுத்து ஒரு முடிச்சு. குட்டியானை ஓட்டி வந்த டிரைவரின் சட்டை வந்து சேர்ந்தது. அந்த ஆள் பனியனோடு கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். விக்கைக் கழற்றி, அதன் முடியைச் சிறு கொண்டையாக முடிந்து மறுபடி மாட்டி, துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். கலங்கிய மையை நான் துடைக்கப் போனேன். "இருக்கட்டும். வெயில்ல எங்க கண்ணு இப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது.

"சரோஜா" என்று அறிவித்தார்கள். கன்னியம்மா நடு வரிசைக்குத் திரும்பினார்.

பம்பை ஆரம்பித்தது. மற்றவர்கள் ஹீல்ஸில் ஆடிய மரத்தளத்தில் இரண்டு வெறும் பாதங்கள் இறங்கின. மிதிக்கிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. கூட்டத்தில் இரண்டு பேர் விசில் அடித்துப் பார்த்தார்கள். பதிலுக்கு யாரும் அடிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். எதிரே ஒருத்தி நின்று கைகொடுப்பதைப் போலப் பாவித்துக் கூடையைத் தலைக்கு ஏற்றினான். ஒரு கை கூடையில், ஒரு கை வீசி, மேடையின் முன்விளிம்பையே வரப்பாக்கி நடந்தான். மேடை உயரம் நாலடி. முன்வரிசையில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். பாதி தூரத்தில் அவன் கால் வழுக்குவதைப் போல ஒரு இழுப்பு இழுத்தான்.

நடு வரிசையிலிருந்து ஆறேழு குரல் ஒன்றாகக் கிளம்பியது. "கால பாத்து வையி!"

வரப்பில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வது அது. தங்களை மறந்து கத்திவிட்டார்கள். மண்டபம் ஒரு நொடி அவர்கள் பக்கம் திரும்பியது. பிறகு எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அது யாருடைய கதை என்று கூட்டத்துக்குப் புரிந்தது. அவன் விளிம்பின் கோடியில் இடுப்பை ஒடித்துத் திரும்பினான். கூடையை இறக்கி, உப்பைக் கொட்டுவதைப் போலச் சாய்த்தான். இடுப்பில் கையூன்றி மெல்ல நிமிர்ந்து, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்து, வெயிலை அண்ணாந்து பார்த்தான். பம்பை நின்றது.

கைதட்டல் அடங்கவே இல்லை. நடுவர்கள் எழுந்து நின்றார்கள். ஜிகினா கவுன் நீட்டிய பிள்ளை பக்கவாட்டில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? திறமைச் சுற்றில் ஏழுமலைக்கு முதல் பரிசு. மொத்தத்தில் இரண்டாம் இடம். கிரீடம் வாங்கியவனே அதைக் கழற்றி ஒரு நிமிடம் அவன் சும்மாட்டின் மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். என் பெயரையும் மேடையில் சொன்னார்கள். நடுவே போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் போய் நின்றேன்.

ஆனால் கன்னியம்மா கைதட்டவில்லை. ஆட்டம் முடிந்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பரிசு கொடுத்து முடிவதற்குள் டிரைவர் அவசரப்படுத்த, எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். ஏழுமலை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா ஒண்ணும் சொல்லாம போயிடுச்சு மாஸ்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "கட்டிவிட்டதே அவங்கதானேடா" என்றால், "கட்டிவுட்டாங்க. நான் ஆடுனது அவங்களுக்குப் புடிக்கலியோ என்னவோ" என்றான். மாலையும் கழுத்துமாக இருந்தவன் முகத்தில் மகிழ்ச்சி பாதிதான் இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் நானும் அவனோடு உப்பளத்துக்குப் போனேன். அவனைத் தனியே விட மனம் வரவில்லை. பெண்கள் முன்பே வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலை பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்காமல் நின்றான். கன்னியம்மா அவனைப் பார்க்காமலேயே சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? வாரு. கூடை காலியா கெடக்குது" என்றார்.

அவன் இறங்கி வாரினான். முதல் கூடை நிறைந்தது. கன்னியம்மா தூக்கிவிடச் சொல்லிக் குனிந்தவர், கூடை தலைக்கு ஏறியதும் நகராமல் நின்றார்.

"நேத்து கடைசியில இடுப்ப ஒடிச்சுத் திரும்பினியே. அது நான்தானே?"

"ஆமாக்கா."

"தெரியும். ஆனா கொஞ்சம் அவசரப்பட்டுட்ட."

ஒரு கை கூடையில், ஒரு கை வீசி, வரப்பில் நடந்தார். வளைவு வந்தது. அவன் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, வழக்கத்தைவிட மெதுவாக, பாரத்தோடு நின்று, இடுப்பை ஒடித்துத் திரும்பினார்.